முடக்குவாதம் இருப்பவர்கள் இதயத்தையும் நுரையீரலையும் ஏன் கவனிக்க வேண்டும்?

முடக்குவாதம் என்றதும் விரல்கள்தான் நினைவுக்கு வரும். காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் கை விறைத்தே கிடப்பது, இரண்டு மணிக்கட்டும் சேர்ந்தாற்போல் வீங்குவது, சட்டைப் பித்தானைப் போட முடியாமல் போவது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் மூட்டு அல்ல. முதலிடத்தில் இதயநோய் இருக்கிறது. நுரையீரல் நோய்களும் தொற்றுகளும் அதற்கடுத்து வருகின்றன. இவற்றை முன்கூட்டியே பிடிக்க வழி உண்டு. மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டே காலத்தைத் தள்ளுகிறவருக்குத்தான் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. தேய்மானம் அந்த மூட்டோடு நின்றுவிடும். சிறு வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு வந்து இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலும் வேறு. 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவது அதற்குத்தான். முடக்குவாதத்துக்கும் பென்சிலினுக்கும் சம்பந்தமில்லை. இங்கே பேசுவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், மருத்துவமனைகளில் சுருக்கமாக ஆர்.ஏ. என்று சொல்வது. நம் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

மூட்டுச் சவ்வில் அழற்சி மூளும்போது டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிப்பொருள்கள் உற்பத்தியாகின்றன. அவை முழங்காலுக்குள்ளேயே அடைந்து கிடப்பதில்லை. ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகின்றன. ரத்தக்குழாய்களின் உள்வரியைப் புண்ணாக்குகின்றன. மாரடைப்புக்குக் காரணமான கொழுப்புப் படிவத்தைச் சோதனைக்கூடத்தில் பார்த்தால், வீங்கிய மூட்டுச் சவ்வில் இருக்கும் அதே வகை அழற்சிச் செல்கள் அங்கேயும் இருக்கும். இந்தப் படிவம் அழற்சியால் பலவீனமாகிச் சட்டென்று வெடிக்கும், அங்கே ரத்தம் உறையும், குழாய் அடைபடும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண்கள் இந்த அழற்சியின் அளவைத்தான் காட்டுகின்றன. அவை மாதக்கணக்கில் ஏறியே இருந்தால், வலி எவ்வளவு குறைவாக இருந்தாலும் நோய் அடங்கவில்லை என்று பொருள்.

மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடுவது

முடக்குவாதம் உள்ளவருக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் அபாயம், அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு சொல்லும் வழி எளிமையானது: வழக்கமான இதய அபாயக் கணிப்பானில் வரும் விடையை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 55 வயதுப் பெண் ஒருவருக்கு அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 8 சதவீதம் என்று கணிப்பான் காட்டினால், முடக்குவாதமும் இருக்கும்போது அது 12 சதவீதம். கியூரிஸ்க்-3 என்ற பிரிட்டன் கணிப்பானில் மட்டும் முடக்குவாதத்துக்கே தனிக் கட்டம் உண்டு. அதை நிரப்பிவிட்டுத் திரும்பவும் பெருக்கக் கூடாது.

கொலஸ்டிரால் ரிப்போர்ட் இந்த நோயில் ஆளை ஏமாற்றும். சாதாரணமாக எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு குறைந்தால் நல்லது என்று சந்தோஷப்படுவோம். முடக்குவாதம் கொதிநிலையில் இருக்கும்போது அழற்சியே எல்டிஎல்லைக் கீழே இழுத்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் எண் 85 என்றிருக்கும், இதயம் என்னவோ அதிக ஆபத்தில்தான் இருக்கும். சிகிச்சை தொடங்கி நோய் அடங்கிய பிறகு அதே எல்டிஎல் 110, 115 என்று ஏறலாம். மருந்து கொழுப்பை ஏற்றிவிட்டது என்று பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது தப்பு. டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் போன்ற முடக்குவாத மருந்துகளில் இந்த ஏற்றம் நன்றாகவே தெரியும். ஆகவே கொழுப்புப் பரிசோதனையை நோய் அடங்கியிருக்கும்போது எடுக்க வேண்டும்; புது மருந்து தொடங்கிய சில வாரங்களில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்; தேவையானால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சேர்க்க வேண்டும்.

உடல் எடையும் இதேபோல ஏமாற்றும். நீண்ட நாள் அழற்சி தசையைக் கரைக்கும். கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். எடை எந்திரத்தில் எண் மாறாது, பார்க்கிறவர்கள் "இளைச்சுட்டீங்களே" என்றுகூடச் சொல்வார்கள். அதனால் இடுப்புச் சுற்றளவை அளப்பது மேல். நம் நாட்டவருக்குப் பெண்களில் 80 செ.மீ., ஆண்களில் 90 செ.மீ. எல்லைக்கோடு.

இன்னொரு சிக்கல்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. இதயநோயைப் பொதுவாக எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? மாடி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. முழங்கால் வலிக்கிறவர் மாடியே ஏறுவதில்லை, வேகமாக நடப்பதும் இல்லை. அறிகுறி வெளிப்பட இடமே கிடைப்பதில்லை. தோள், தாடை, முதுகு வலி வந்தாலும் "நம்ம வாதம்தான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். இந்த நோயாளிகளிடம் நெஞ்சுவலியே இல்லாமல் வந்துபோகும் மாரடைப்பு மற்றவர்களைவிட அதிகம். மூட்டு வீங்காமல், அசைக்கும்போது கூடாமல், வியர்வையோடோ குமட்டலோடோ வரும் தோள்வலியை வாதக் கணக்கில் எழுதக் கூடாது.

மாரடைப்பு தவிர இதயச் செயலிழப்பும் இவர்களுக்கு அதிகம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் நன்றாகவே சுருங்குவதாகத் தெரியும், ஆனால் தசை விறைத்துப்போய் விரிவதில் சிரமம் இருக்கும். "எக்கோ நார்மல்" என்ற ஒற்றை வரியைப் பார்த்து நிம்மதியடையாமல், தளர்வுக் கோளாறு இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, கணுக்காலில் அழுத்தினால் குழி விழுவது, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுவது இவையே இதன் அடையாளங்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோப்பதும் உண்டு. எக்கோ எடுத்தால் பலரிடம் கொஞ்சம் தென்படும். தொந்தரவு தருவது சிலரிடம் மட்டுமே. மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுவலி அதன் தனி அடையாளம்.

நுரையீரல்: சத்தமில்லாமல் ஏறும் தழும்பு

நுரையீரலை வெறும் பாதிக்கப்படும் உறுப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. பலருக்கு நோய் தொடங்குவதே அங்கேதான் என்று எண்ண வலுவான காரணங்கள் உள்ளன. புகை போன்றவை நுரையீரல் புரதங்களின் அமைப்பை மாற்றுகின்றன. மாறிய புரதத்தை உடல் அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் செய்கிறது. ஆன்டி-சிசிபி என்று பரிசோதிப்பது இந்த எதிர்ப்பொருளைத்தான். மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் தோன்றிவிடும். மூட்டுவலி வருமுன்பே நுரையீரல் கோளாறோடு டாக்டரிடம் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அதிகம் கவலை தருவது ஐஎல்டி. காற்றுப்பைகளுக்கு இடையே உள்ள மெல்லிய திசு அழற்சியால் தடித்து, மெல்ல மெல்லத் தழும்பாக இறுகும் நிலை அது. காற்றிலிருந்து பிராணவாயு ரத்தத்துக்குப் போகும் சுவர் தடித்துவிடுகிறது. முடக்குவாதம் உள்ள 100 பேரில் சுமார் 10 பேருக்கு இது தொந்தரவு தரும் அளவுக்கு வருகிறது. ஸ்கேனில் மட்டும் தெரிகிற லேசான மாற்றம் இன்னும் பலரிடம் இருக்கும். ஆண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், புகைபிடித்தவர்கள், ஆன்டி-சிசிபி அல்லது ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இன்னோர் எதிர்ப்பொருள் மிக அதிகமாக உள்ளவர்கள், மூட்டுநோய் அடங்காமலே இருப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். மூட்டுநோய் பெண்களுக்கு அதிகம், நுரையீரல் தழும்பு ஆண்களுக்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமலும், நடந்தால் வரும் இளைப்பும் முதல் அடையாளங்கள். ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் அடிப்பகுதியில், விலாவின் கீழ் ஓரத்தில் வைத்து நோயாளியை ஆழ மூச்சிழுக்கச் சொன்னால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும். டாக்டர் முன்நெஞ்சில் மட்டும் வைத்துப் பார்த்தால் இது தப்பிவிடும். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவதில் தயக்கம் வேண்டாம்.

சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே ஆரம்பக்கட்டத் தழும்பைத் தவறவிடும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று ஆகாது. வேண்டியவை இரண்டு. ஒன்று நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேன். இதற்குச் சாய ஊசி தேவையில்லை. கீழ்ப்பகுதியில் தெரிகிற மங்கல் உண்மையான நோயா, படுத்திருப்பதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கச் சில நேரம் குப்புறப் படுக்கவைத்தும் எடுப்பார்கள். மற்றொன்று பிஎஃப்டி என்ற நுரையீரல் செயல்திறன் சோதனை. அந்த ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எஃப்விசி, டிஎல்சிஓ. முதலாவது ஒரே மூச்சில் வெளியேற்ற முடிகிற மொத்தக் காற்று, இரண்டாவது வாயு சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும் திறன். எதிர்பார்க்கும் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு. தழும்பின் தொடக்கத்தில் டிஎல்சிஓ முதலில் விழும், எஃப்விசி அப்புறம்தான் விழும். எல்லா லேபிலும் டிஎல்சிஓ எடுக்க மாட்டார்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியோடு மட்டும் அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, அது போகும் திசை முக்கியம். ஐஎல்டி உறுதியானால் முதல் ஆண்டில் 3 முதல் 12 மாத இடைவெளிகளில் பிஎஃப்டியைத் திரும்ப எடுக்கிறார்கள். எஃப்விசி 82-லிருந்து ஓராண்டில் 72-க்கு இறங்கினால் நோய் நகர்கிறது. சிகிச்சையை மாற்ற வேண்டும். மைக்கோஃபெனோலேட், ரிட்டுக்ஸிமாப் போன்றவை அழற்சிக்கு. தழும்பு ஏறிக்கொண்டே போனால் அதன் வேகத்தைக் குறைக்க நின்டெடானிப் இருக்கிறது. அது வேகத்தைத்தான் குறைக்கும், இறுகிய தழும்பை இளக்காது. சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் பயன்படுத்தலாம். உட்கார்ந்து 5 நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். சமதரையில் 6 நிமிடம் உங்கள் வேகத்தில் நடந்து, உடனே இன்னொரு முறை பாருங்கள். 4 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால், அல்லது 90-க்குக் கீழே போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். கை சில்லிட்டிருந்தாலோ, விரல் கோணியிருந்தாலோ, நகப்பூச்சு இருந்தாலோ கருவி பொய் சொல்லும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நேராக நிற்கும் விரலில் மாட்டுங்கள்.

நெஞ்சில் நீர் கோத்தால் டிபிதானா?

காசநோய் அதிகமுள்ள நம் ஊரில், நுரையீரல் உறையில் நீர் கோத்தால் முதலில் டிபியைச் சந்தேகிப்பார்கள். நியாயம்தான். ஆனால் முடக்குவாதமே அங்கே நீரைக் கோக்கவைக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்த நீரை லேபுக்கு அனுப்பினால் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40-க்கு மேல் வரும். டிபி என்று முடிவுகட்டி ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ஏடிஏ முடக்குவாத நீரிலும் ஏறும் என்பது அடிக்கடி மறந்துபோகிறது. சர்க்கரை அளவு துப்புக் கொடுக்கும்: முடக்குவாத நீரில் அது 60-க்குக் கீழ், பல சமயம் 30-க்கும் கீழ் விழுந்துவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்சும் 7.3-க்குக் கீழே போகும். சீழ் கோத்தாலும் இதே எண்கள் வரும் என்பதால் எண்களை மட்டும் நம்பாமல், டிபி கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட், கல்ச்சர் சோதனைகள், தேவைப்பட்டால் உறையிலிருந்து திசுத்துணுக்கு என்று போய்த்தான் முடிவு சொல்ல வேண்டும். மறுபக்கத் தவறு இன்னும் மோசம்: உண்மையான டிபியை வாத நீர் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவிவிடும்.

முழங்கையில் வரும் வாதக் கட்டி போன்ற உருண்டைகள் நுரையீரலிலும் தோன்றும். ஸ்கேனில் பார்த்தால் புற்றுநோயிலிருந்து பிரித்தறிவது கடினம். புகைபிடித்தவர் என்றால் ஊகத்தில் விடாமல் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். 1953-ல் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இந்த உருண்டைகள் ஏராளமாக இருப்பதை ஆந்தனி கேப்லன் என்ற மருத்துவர் விவரித்தார். சுரங்கத் தூசியும் முடக்குவாதமும் சேர்ந்ததன் விளைவு அது. சிலிக்கா தூசியிலும் இது வரும் என்பதால் கல் குவாரி, கிரானைட் பட்டறை வேலை செய்தவர்கள் அந்தத் தகவலை டாக்டரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

மாத்திரைகள்: காப்பவையும் கெடுப்பவையும்

மெத்தோட்ரெக்ஸேட் இந்த நோயின் ஆதார மருந்து. அழற்சியை அடக்குவதால், அதை ஒழுங்காக எடுப்பவர்களிடம் இதயநோய் குறைவாகக் காணப்படுகிறது. வாரத்துக்கு ஒரே நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மி.கி. வரை. தினமும் போடுகிற மாத்திரை என்று நினைத்து எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே கிழமையை அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் போடுவது வழக்கம். அபூர்வமாக, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, இந்த மருந்து நுரையீரலில் திடீர் அழற்சியை உண்டாக்கும்; பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். சில நாட்களுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் கூடிவந்தால் அடுத்த வார மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெதுவாக ஏறும் தழும்புக்கு மெத்தோட்ரெக்ஸேட் காரணம் என்ற பழைய பயம் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. லெஃப்ளுனோமைட் விஷயம் வேறு: ஏற்கெனவே ஐஎல்டி இருப்பவருக்கு அதைத் தவிர்ப்பார்கள், ரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும்.

வலி மாத்திரைகளைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகையறா வலியைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. அழற்சி உள்ளே வேலையைத் தொடரும். மாத்திரை தன் பங்குக்கு உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். இதய அடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லிவிட்டது. நம் மெடிக்கல் ஷாப்புகளில் பேர் தெரியாமல் கட்டிக்கொடுக்கும் "செட் மாத்திரை"யில் பல நேரம் இதுவும் ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். ஒரே நாளில் வலி பறந்துபோவதன் ரகசியம் அந்த ஸ்டீராய்டுதான். குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு, டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பயனுள்ளது. தினம் 7.5 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தொற்று, இதய அபாயம் எல்லாம் கூடும். பல வாரங்கள் எடுத்தவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது; அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விலை உயர்ந்த மருந்துகளுக்கும் நிபந்தனைகள் உண்டு. டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசிகள் மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதாகத் தெரிகிறது. ஆனால் முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் தரக் கூடாது, தூங்கும் டிபியையும் எழுப்பிவிடும். ஊசிக்கு முன் எக்ஸ்ரேயும், தூங்கும் டிபியைக் கண்டறியும் மாண்டு தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தச் சோதனையும் கட்டாயம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மாண்டு பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். டோஃபாசிட்டினிப் மாத்திரை இப்போது மலிவாகக் கிடைப்பதால் பலருக்கு எழுதப்படுகிறது. 50 வயதைத் தாண்டி, இதயத்துக்கு ஏதேனும் ஓர் அபாயக் காரணி உள்ளவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், பெரிய இதய நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் குழுவில் 3.4 சதவீதம், டிஎன்எஃப் ஊசிக் குழுவில் 2.5 சதவீதம், புற்றுநோயும் கூடுதலாக இருந்தது. ஆகவே புகைபிடித்தவர், 65 வயதைத் தாண்டியவர், ஏற்கெனவே இதய அடைப்பு உள்ளவர் "இதற்கு மாற்று உண்டா" என்று கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தடுப்பூசிகளில் ஆண்டுதோறும் ஃப்ளூவும், நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் அவசியம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்கு உயிருள்ள கிருமி ஊசிகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். நோய் அடங்கியிருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவைக்க டாக்டர் சொல்லலாம். ஊசி நன்றாகப் பிடிக்கும். புகையை விடுவதற்கு நிகரான மருந்து எதுவும் இல்லை, அது பீடியானாலும் சரி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, மூட்டு இடம் கொடுக்காதபோது நீச்சலோ நிற்கும் சைக்கிளோ.

உடனே ஓட வேண்டிய நேரம்

10 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் நெஞ்சு அழுத்தம், காரணமில்லாத வியர்வையோடு மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்து பிறகு திடீரென மூச்சு முட்டுவது, இருமினால் ரத்தம். இவற்றில் எதுவானாலும் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கால் வீக்கத்துக்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டு: காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு நகர்வது இந்த நோயில் அதிகம். காய்ச்சலோடு இருமல் வந்தால் மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது மற்றவர்களுக்குச் சரி. ஸ்டீராய்டும் ஊசிகளும் எடுக்கிறவருக்குக் காய்ச்சல் குறைவாகவே காட்டி நிமோனியா முற்றிவிடும். அன்றைக்கே போக வேண்டும்.

கடைசியாக, அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு. முழங்கால் மாற்றோ, கண்புரையோ, எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முடக்குவாதம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று சொல்லுங்கள். குரல்வளைக்கும் ஒரு சின்ன மூட்டு உண்டு. அது வீங்கினால் குரல் கம்மும், மூச்சுக்குழலுக்குள் குழாய் விடுவது கடினமாகும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள பிடிப்பும் நீண்ட நாள் நோயில் தளர்ந்துபோயிருக்கும். மயக்கத்தில் கழுத்தை அளவுக்கு மீறி வளைத்தால் தண்டுவடம் நசுங்கலாம். சமீபத்தில் குரல் மாறியிருந்தாலோ, பின்கழுத்து வலித்துக் கை மரத்துப்போனாலோ, குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த கழுத்து எக்ஸ்ரே கையில் இல்லாமல் தியேட்டருக்குள் போகாதீர்கள்.